சட்டி இறங்கிய பக்கம்

என் கணவர் டீம் மாறப்போவதாக அறிவித்தபோது நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார், தொண்டையைச் செருமினார், தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் பேட்டி கொடுக்கிற தோரணையில் எங்கோ மேலே பார்த்துக்கொண்டு, "நான் ட்ரான்ஸ்ஃபர் கேக்கப்போறேன்," என்றார்.

அவர் ஏர்கான் மாட்டுகிற வேலையில் இருப்பவர். "பினாங்கு பிராஞ்சுக்கா?" என்று கேட்டேன்.

"வேலையில இல்லலா. பந்துல. உங்க அண்ணன் டீமுக்குப் போறேன்."

கையிலிருந்த நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டேன். கொஞ்சம் வேகமாகவே கிள்ளிவிட்டேன் போலிருக்கிறது, அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

இது என்ன அவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவைச் சுற்றி இருந்த ரப்பர் தோட்டங்கள் பலவும் இன்று இல்லை. என் கணவர் பிறந்த தோட்டம் செம்பனைச் சாகுபடிக்குப் போய்விட்டது. நான் பிறந்த தோட்டம் பத்து காஜா ஊருக்குப் போகிற வழியில் இருந்தது; அங்கே இப்போது வரிசை வரிசையாக மாடி வீடுகள். கோயிலும் அதை ஒட்டிய விளையாட்டுத் திடலான பாடாங்கும் மட்டும் தப்பித்தன. ஆட்கள் ஈப்போவின் தாமான் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறி, தொழிற்சாலை, டயர் கடை, லோரி என்று பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பாடாங்கில், இல்லாத தோட்டங்கள் எல்லாம் ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து ஒன்றோடு ஒன்று மோதும். டீமுக்கு ஏழு பேர். காலையில் தொடங்கி சாயங்காலத்துக்குள் கப் யாருக்கு என்று தெரிந்துவிடும்.

என் கணவர் புகுந்த வீட்டுத் தோட்டத்தின் நட்சத்திரம். அதாவது எனக்குப் புகுந்த வீடு. அவருடைய இடது காலைப் பற்றிப் பேசியே கோப்பிக் கடையில் காலை நேரத்தை ஓட்டுகிறவர்கள் உண்டு. என் அண்ணன்மார் நடத்துவது நான் பிறந்த தோட்டத்தின் டீம். கப் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். என் கணவரின் டீம் இறுதியாட்டம் வரை ஜோராக வந்து, என் அண்ணன்களிடம் தோற்று, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வரும்.

ஆட்டக்காரர்கள் டீம் மாறுவதற்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. முன்பு ஒருமுறை ஒரு டீம் யாரோ ஒரு வாட்டசாட்டமான ஆளைக் கொண்டுவந்து இறக்கியது. புது பூட்ஸ், தலையில் பட்டை. கோயில் கமிட்டித் தலைவர், "தம்பி, தோட்டத்துல உங்க வூடு எந்த லயத்துல இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "பிளாக் சி, அஞ்சாவது மாடி," என்றானாம். அன்றைக்கு நடந்த கைகலப்புக்குப் பிறகு கமிட்டி கூடி ஒரு முடிவுக்கு வந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரரின் வீட்டிலிருந்தும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டி வர வேண்டும். எந்த டீமின் கூடாரத்தில் அந்தச் சட்டி இறங்குகிறதோ அதுதான் அவன் டீம். கூலிக்கு ஆள் பிடிக்கலாம், கூலிக்கு ஆட வருகிறவனுக்காக விடியலில் எழுந்து குழம்பு வைத்துத் தூக்கி வர அவன் அம்மாவைப் பிடிக்க முடியுமா? முதல் விசிலுக்கு முன்னால் சட்டி இறங்கவில்லை என்றால் ஆளும் இறங்க முடியாது. அம்மா இல்லாத ஒரு கட்டைப் பிரம்மச்சாரி தானே சோறாக்கி, அடிப்பிடித்த பானையோடு வந்து நின்றதையும் செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஆக, கல்யாணமான ஆட்டக்காரன் எங்கே ஆடுவது என்பது அவன் பெண்டாட்டி சட்டியை எங்கே இறக்குகிறாள் என்பதில் இருக்கிறது. இந்தச் சின்ன விவரத்தை என் கணவர் மறந்துபோய், என்னிடம் ஏதோ செய்தி வாசிப்பது போல வாசித்துவிட்டுப் போனார். நானும் நினைவுபடுத்தவில்லை. எனக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.

எனக்கு அதில் சம்மதம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரணம் பந்து இல்லை. என் பெரியண்ணன்.

எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். அதன் பிறகு வீட்டில் எது என்றாலும் பெரியண்ணன் முடிவுதான். கெட்டவர் இல்லை. தன் வயிற்றைக் கட்டி எங்களுக்குப் போட்டவர். ஆனால் முடிவு செய்துவிட்டுத்தான் சொல்லுவார், சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். இன்றைக்கும் அவர் வீட்டுக்குப் போனால் அவர் உட்காரச் சொல்லும்வரை நான் நின்றுகொண்டிருப்பேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. அன்றைக்கு அவர் எதிரி டீமின் கோச், நான் இந்தப் பக்கத்து ரசிகை. எல்லையில் நின்று எதிராளியைக் கலாய்ப்பது எங்கள் ஊர் வழக்கம், யாரும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் அதைப் பூராவாக அனுபவிப்பேன்.

"பெரியண்ணே, உங்க டிஃபென்ஸ் என்ன பாசார் மாலாம் சந்தையா? யாரு வேணா உள்ள வந்து போலாம் போல!"

"வயிறு கோட்டைத் தாண்டி உள்ள வருதுண்ணே, ரெஃப்ரி எட்டாவது ஆளுன்னு நெனைச்சுக்கப்போறாரு!"

பாடாங்கே சிரிக்கும். பெரியண்ணன் காது சிவக்கும், திரும்பிப் பார்க்க மாட்டார். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவேன். மறுநாள் நான் வேலை பார்க்கிற பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சைகையில்தான் பாட்டு. அந்த ஒரு நாள் வருஷம் முழுக்க எனக்குப் போதும்.

ஏன் அவ்வளவு ஆத்திரம் என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. பெரிய கதை இல்லை. சின்ன வயதில் அண்ணன்கள் கோலுக்கு அடித்துப் பழகுவார்கள், நான்தான் கோலில் நிற்பேன். வேறு யாரும் அகப்படாததால் நிறுத்தினார்கள். நின்று நின்று, அடிக்கிறவன் ஊன்றுகிற காலைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் வரும் என்று சொல்லப் பழகிவிட்டேன். எனக்குப் பதினாலு வயதில் பள்ளியில் விளையாட்டு வாத்தியார் அதைக் கவனித்தார். ஈப்போவில் பெண்களுக்கு ஒரு பயிற்சி முகாம், மாநில அளவில், அதற்கு என்னை அனுப்பலாமா என்று கேட்க லயத்து வீட்டுக்கே வந்தார்.

நான் பின்னால் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் பேச்சு கேட்டது. கையிலிருந்த மங்குத்தட்டைச் சத்தம் வராமல் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன். "அவ வரமாட்டா சார்," என்றார் பெரியண்ணன். அவ்வளவுதான். உள்ளே திரும்பி, ஏம்மா போறியா என்று ஒரு வார்த்தை இல்லை. வாத்தியார் கோப்பி குடித்துவிட்டுப் போனார். நான் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினேன். அதைப் பற்றி அன்றும் யாரும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இன்றும் இருக்கிறது.

இப்போது என் கணவர் பெரியண்ணன் டீமுக்குப் போனால், என் சட்டி அவர் கூடாரத்தில் இறங்கும். நானும் அங்கே ஓர் ஓரமாக, நல்ல தங்கச்சியாக, முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். என் ஒரே நாளும் போயிற்று.

என் கணவர் வேலையைத் தொடங்கினார். அவர் பார்க்காத வெளிநாட்டு ஆட்டம் இல்லை. அங்கே ஒரு நட்சத்திரம் டீமை விட்டுப் போக வேண்டும் என்றால் என்னென்ன செய்யும் என்று அவருக்கு அத்துப்படி. முதலில் பயிற்சிக்குப் போகாமல் இருந்தார். முட்டி வலி என்றார். முட்டியில் பட்டைத்துணி சுற்றிக்கொண்டு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்தார். காலையில் வலது முட்டியில் இருந்த பட்டை மத்தியானம் இடது முட்டிக்கு வந்திருந்தது. நான் பாலர் பள்ளி ஆசிரியை. திங்கட்கிழமைக் காலை வயிற்றுவலி, ரீசெஸ் மணி அடித்ததும் காணாமல் போவதை நான் பார்க்காத வாரம் கிடையாது. "எந்த முட்டிக்குத் தைலம் தேய்க்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டுக்கும்," என்றார்.

அடுத்தது வாட்ஸ்அப். டீம் குழுவிலிருந்து கோபமாக வெளியேறினார். அந்தக் குழுவை நடத்துபவர் கேப்டன். டயர் கடை வைத்திருக்கிறார், என் கணவருக்குப் பால்ய சிநேகிதர், டீமின் கோல்கீப்பர், அவர் நின்றாலே கோலில் முக்கால்வாசி மறைந்துவிடும். அவர் உடனே என் கணவரைத் திரும்பச் சேர்த்தார். இவர் மறுபடி வெளியேறினார். அவர் மறுபடி சேர்த்தார். இரண்டு பேரும் சாப்பாட்டு நேரம் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் இவர்தான் களைத்துப்போய் உள்ளேயே இருந்துகொண்டார்.

பிறகு சிவப்பு ஜெர்சியைக் கொடியில் காயப்போட்டுப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். சிவப்பு என் அண்ணன்மார் டீம் நிறம். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேப்டன் வீட்டுக்கு வந்தார். கோப்பி கொடுத்தேன். என் கணவர் பட்டை போட்ட முட்டியை முன்னால் நீட்டிக்கொண்டு, பெரிய பேச்சுவார்த்தைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், போறதுன்னா போலா," என்றார் கேப்டன். "நான் என்ன பிடிச்சா வெச்சிருக்கேன்? சட்டி யாரு கையில இருக்கோ அவங்ககிட்ட கேளு. என்கிட்ட மூஞ்சியத் தூக்கி என்ன ஆவப்போவுது?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "தங்கச்சி, இந்த வருஷமும் நெத்திலி சம்பல்தானே?" என்றார். நான் சிரித்தேன். என் கணவர் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இத்தனை நாள் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அன்று மாலையே இரண்டு முட்டியும் குணமாயின. அவரே போய்ப் பாத்திரம் கழுவினார். பாசாரிலிருந்து மல்லிகைச் சரம் வந்தது. நான் வருஷக்கணக்காகச் சொல்லியும் அறையில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த மின்விசிறி ஒரே நாளில் அடங்கியது. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி மாட்டுகிறவர் எங்கள் வீட்டு ஏர்கானையும் திறந்து தூசி தட்டினார். "யோசிக்கிறேன்," என்பேன், இன்னொரு வேலை நடக்கும். பொய் சொல்லுவானேன், அந்த நாள்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன.

ஒருநாள் அவர் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பட்டையெல்லாம் சும்மா போட்டேன். ஆனா முட்டி நெசமாவே போயிருச்சு. ஏணியில ஏறும்போது தெரியுது. இதான் கடைசி வருஷம். ஒரு தடவையாச்சும் அந்தக் கப்பைத் தூக்கிப் பாக்கணும்லா. நம்ம டீமுல இருந்தா நடக்காது."

அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு, "அங்கன்னா மாப்பிள்ளைன்னு மரியாதையாவும் கூப்புடுறாங்க. பெனால்டி எல்லாம் எனக்குத்தான்னு உங்க பெரியண்ணன் சொல்லிட்டாரு," என்றார்.

கடைசி வருஷம் என்று சொல்கிற மனுஷனிடம், உங்களுக்கு உங்கள் கப் வேண்டும், எனக்கு என் வாய் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலும் விட மனம் வரவில்லை. சம்மதம் சொல்ல வாயெடுத்தால் மங்குத்தட்டு ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு நாள் பிள்ளைகளிடம் சிடுசிடுவென்று இருந்தேன்.

அதற்கிடையில் பெரியண்ணன் வீட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஐஸுக்குள் இறால், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்ததாம், ஒவ்வொன்றும் கை நீளம். தீபாவளிக்குக்கூட அவர் இப்படி அனுப்பியதில்லை. சின்னதாக ஓர் ஆசை வந்தது எனக்கு. ஒருவேளை கேட்கப்போகிறாரோ? ஏம்மா, உனக்குச் சம்மதமா என்று ஒருமுறை கேட்டுவிட்டால் சட்டியை அங்கேயே வைத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

சாயங்காலம் போன் வந்தது.

"இறா வந்துச்சா? மாப்பிள்ளை இந்த வருஷம் நம்ம பக்கம் ஆடுறாரு. எல்லாம் பேசியாச்சு. சட்டியை நம்ம கூடாரத்துல எறக்கிரு. உங்க அண்ணிகிட்ட உனக்கு நாக்காலி போடச் சொல்லிட்டேன்."

"சரிண்ணே," என்றேன்.

போனை வைத்துவிட்டேன். என் கணவர் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். "சட்டி அங்கதான் எறங்கும்," என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மீதித் திட்டத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இறாலை மட்டும் நன்றாக வறுத்துச் சாப்பிட்டோம்.

அந்த ஞாயிறு காலை பெரிய அலுமினியச் சட்டி நிறைய நெத்திலி சம்பல், மேலே துணி கட்டி, அண்ணன்மார் கூடாரத்தில் கொண்டுபோய் இறக்கினேன். கமிட்டித் தலைவர் வந்து மூடியைத் திறந்து பார்த்து, மோந்தும் பார்த்து, மைக்கில் அறிவித்தார். பாடாங்கின் இரண்டு பக்கமும் சலசலத்தது. எதிர்ப்பக்கம் கேப்டன் கையுறையை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியண்ணன் தலையை அசைத்தார். அண்ணி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நீங்க உக்காருங்கண்ணி, நான் வாரேன்," என்று சொல்லிவிட்டு, பாடாங்கின் நடுவிலேயே நடந்து எதிர்ப்பக்கம் போனேன். என் பழைய இடத்தில், கேப்டனின் மனைவிக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் நின்றேன்.

சின்னண்ணன் கமிட்டித் தலைவரிடம் ஓடினார். தலைவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "சட்டி இங்கதானே இருக்கு? ரூலு சட்டிக்குத்தான். தங்கச்சி எங்க நின்னா நமக்கு என்னா?"

என் கணவர் சிவப்பு ஜெர்சியில், வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் கையசைத்தேன்.

ஆட்டங்கள் தொடங்கின. என் கணவரின் புது டீம் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. "மாப்பிள்ளை, நீங்க ஓடாதீங்க, நாங்க ஓடுறோம்." "மாப்பிள்ளை, தண்ணி குடிங்க." பந்தைத் தவறவிட்டால், "பரவால்ல மாப்பிள்ளை." பாவம், அவர் திருதிருவென்று விழித்தார். பழைய டீமில் கேப்டன் கோலில் நின்றுகொண்டு ஆட்டம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே இருப்பார். அந்தத் திட்டில் ஓடிப் பழகிய கால் அது. மரியாதையில் நகர மறுத்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கேப்டனுக்குப் பதிலாக நானே தொடங்கினேன்.

"என்னங்க, பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க? ஓடுங்க! வீட்டுல விசிறியைச் சரிபண்ணுனப்ப இருந்த வேகம் எங்க போச்சு?"

அவர் கோபமாகத் திரும்பிப் பார்த்தார். அடுத்த பந்து கோலுக்குள் போயிற்று.

வழக்கம்போல இறுதியாட்டம் இரண்டு டீமுக்கும்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வினோதம் நடந்தது. நட்சத்திரம் இல்லாததால் பந்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அது நன்றாகவே வேலை செய்தது. முதல் கோல் எங்களுடையது. பிறகு என் கணவர் இடது காலால் ஒன்றைத் திருப்பினார். நான் இரண்டுக்கும் கத்தினேன். பெரியண்ணனுக்கும் குறை வைக்கவில்லை. அவர் புதுத்தொப்பியில் தொடங்கி நடை வரை வந்துவிட்டேன்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் சிவப்புக்குப் பெனால்டி கிடைத்தது. என் கணவர் பந்தை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு புள்ளியை நோக்கி நடந்தார். அந்த நடையில் இத்தனை வருஷமும் தெரிந்தது. போட்டுவிட்டால் கப்.

"மாப்பிள்ளை, நீங்க விடுங்க," என்று பெரியண்ணன் குரல் கொடுத்தார். "முட்டி சரியில்ல. தம்பி அடிப்பான்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

என் கணவர் நின்றார். பந்தை உடனே கொடுக்கவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. சின்னண்ணன் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"பெரியண்ணே!"

அது கலாய்க்கிற குரல் இல்லை என்பது எனக்கே கேட்டது.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? பக்கத்துலதானே நிக்கிறாரு! திரும்பி ஒரு வார்த்த கேட்டா என்னாண்ணே கொறஞ்சிரும்?"

என் குரல் உடைந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மைக்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த தலைவர்கூட நிறுத்திவிட்டார். கேப்டனின் மனைவி என் முழங்கையைப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்ததால் அப்படியே நின்றேன். பெரியண்ணன் பாடாங்கின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். எனக்கு நினைவு தெரிந்து, அந்த ஞாயிறுகளில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு என் கணவரிடம் நடந்து போய் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. என் கணவர் தலையாட்டினார்.

பந்தைப் புள்ளியில் வைத்தார். எதிரே கேப்டன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. கேப்டன் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் எங்கள் டீம் ரசிகை, அங்கே உதைக்கப்போகிறவர் என் கணவர். அன்று முழுக்க ஓயாத வாயை இறுக மூடிக்கொண்டு, என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விட்டுவிடுங்கள் கேப்டன் அண்ணே, ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும் என்றுதான் மனசுக்குள் ஓடியது.

ஆனால் கேப்டனுக்கு என் உதவி தேவைப்படவில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் காலோடு வளர்ந்தவர். சரியாகச் சாய்ந்தார், பந்து அவர் வயிற்றில் பட்டு நின்றது. எழுந்த வேகத்தில் முன்னால் எறிந்தார், எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டே போய் மறுமுனையில் போட்டுவிட்டார்கள். விசில். எத்தனையோ வருஷம் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு ஜெயிக்காத டீம், அவர் விட்டுப் போன வருஷத்தில் ஜெயித்தது.

என் கணவர் பெனால்டி புள்ளியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போவதற்குள் கேப்டன் கப்போடு அங்கே போய்விட்டார்.

"புடிலா."

"நான் உங்க டீம் இல்லலா."

"சட்டிதான் எங்க டீம் இல்ல. நீ புடி."

சிவப்பு ஜெர்சியோடு, எங்கள் பச்சை ஜெர்சிகளுக்கு நடுவில், அவர் கப்பை ஒரு கைப்பிடியில் மட்டும் பிடித்துக்கொண்டார். யாரோ படம் எடுத்தார்கள். அடுத்தவன் பொம்மையைக் கையில் வாங்கிய பிள்ளையின் முகம். பிறகு கேப்டன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார், இவர் சிரித்துவிட்டு இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். எனக்கு அப்போதுதான் அழுகை நிஜமாக வந்தது.

கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெரியண்ணன் வந்தார். எங்கள் பக்கத்துக்கு அவர் வந்தே நான் பார்த்ததில்லை. கையில் என் சட்டி, கழுவித் துடைத்து. கட்டிக்கொடுத்த பெண்ணின் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருகிற வழக்கம் எங்களிடம் இல்லை. உள்ளே கோயில் தேங்காய் இரண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் அரிசி.

நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கேட்டிருக்கணும்."

"பெனால்டியா அண்ணே? அதான் கேட்டீங்களே."

"அது இல்ல." சட்டியின் விளிம்பைத் துடைத்தார். "அன்னைக்கு அந்த வாத்தியாரு வந்தப்ப, நீ பின்னால பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்த. நான் அவ வரமாட்டான்னு சொன்னேன். அந்நேரம் பாத்திரச் சத்தம் நின்னு போயிருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. அப்பவே திரும்பிக் கேட்டிருக்கணும்."

மங்குத்தட்டு எனக்கும் தண்ணீருக்கும் மட்டும் தெரிந்தது என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டியை நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

"கனமா இருக்கும்ணே," என்றேன். "காடி நிக்கிற எடம் வரைக்கும் தூக்கிட்டு வாங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணன் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நடந்து வந்தார்.